ஆலன் டூரிங்

ஆலன் மாத்திசன் டூரிங் (ஜூன் 23, 1912 – ஜூன் 7, 1954) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலாளர், தருக்கவியலாளர், கணினி அறிவியலின் முன்னோடி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறிகளை உடைத்த பணிக்காகவே இவர் பெரிதும் அறியப்படுகின்றார். ஜாவா, பைத்தான் முதலிய மொழிகளை இயக்கும் மெய்நிகர் இயந்திரங்களின் அடிப்படைக் கருத்தும் இவருடையதே. கணினியில் எதை முதலில் செய்வது, எதை வன்பொருளில் வைப்பது, எதை நிரலுக்கு விடுவது என இவர் எடுத்த முடிவுகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பிறப்பும் கல்வியும்

டூரிங் லண்டனில் பிறந்தார். தந்தை ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் இந்தியக் குடிமைப் பணி அலுவலர். தாய் எத்தெல் சாரா போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அண்ணன் ஜான் பிறந்தது குன்னூரில். ஆனால் ஆலன் தமிழ்நாட்டைப் பார்த்ததேயில்லை. பெற்றோர் இந்தியாவில் இருந்த காலங்களில் சிறுவர் இருவரும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்தனர்.

ஷெர்போர்ன் பள்ளியில் படித்தபின் 1931 இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்த டூரிங், 1935 இல் 22 ஆவது வயதில் அக்கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 இல் பிரின்ஸ்டனில் அலன்சோ சர்ச்சின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார்.

பொது இயந்திரம்

கணிதக் கூற்று ஒன்றை நிறுவ முடியுமா என்பதை எந்திர முறையில் தீர்மானிக்க வழியுண்டா என்ற வினாவை 1936 இல் டூரிங் ஆராய்ந்தார். அதற்காக நாடா ஒன்றில் குறிகளைப் படித்து எழுதும் கற்பனை இயந்திரத்தை வரையறுத்தார். வேறெந்த இயந்திரத்தின் விவரணத்தையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து அவ்வியந்திரமாகவே நடந்துகொள்ளும் பொது இயந்திரம் ஒன்றையும் காட்டினார். இன்றைய மெய்நிகர் இயந்திரம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. நாடாவின் இடத்தில் பைட்டுக் குறிமுறை இருக்கின்றது.

ஏஸ் திட்டம்

போர் முடிந்ததும் 1945 அக்டோபரில் டூரிங் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஏஸ் என்று அழைக்கப்பட்ட தானியங்கிக் கணிப்புப் பொறிக்கான இவரது திட்ட அறிக்கை 1946 மார்ச்சில் ஆய்வகத்தின் செயற்குழு முன் வைக்கப்பட்டது. மதிப்பிட்ட செலவு 11,200 பவுண்டு.

அவ்வறிக்கையில் முன்னுரிமைகள் தெளிவாகத் தெரிகின்றன. பெரிய நினைவகமும் வேகமும் முதலில். கணக்கீட்டு மின்சுற்றுகள் இயன்றவரை குறைவாக. மிதவைப் புள்ளிக் கணக்கைக் கூட ஆணைப் பட்டியல்களே, அதாவது நிரல்களே, செய்ய வேண்டும் என்பது திட்டம். துணைநிரல் முடிந்தபின் திரும்ப வேண்டிய இடத்தை நினைவகத்தில் புதைத்து வைத்துப் பிறகு தோண்டி எடுக்கும் முறையையும் இவ்வாறே அமைத்தார். இன்று அடுக்கு எனப்படும் அமைப்பின் தொடக்க வடிவங்களுள் இது ஒன்று. ஜாவா, பைத்தான் மெய்நிகர் இயந்திரங்கள் அடுக்கையே நம்பியுள்ளன. கட்டற்ற மென்பொருளான லுவா மட்டும் 2003 இல் வெளிவந்த 5.0 பதிப்பில் அடுக்கை விட்டுப் பதிவகங்களுக்கு மாறியது.

நினைவகம் பாதரசக் குழாய்களால் ஆனது. துடிப்புகள் ஒலியலைகளாகக் குழாயின் மறுமுனையை அடைந்தால்தான் படிக்க முடியும். மருதூர் அணைக்கட்டில் திறந்த தாமிரபரணி நீர் கடைமடைக்கு வரக் காத்திருக்கும் உழவரின் நிலைதான் கணினிக்கும். ஓர் ஆணை முடியும் நொடியில் அடுத்த ஆணை குழாயிலிருந்து வெளிவருமாறு ஆணைகளை இடம் பார்த்து வைக்கும் உத்தி, ஏஸின் பிந்தைய வடிவங்களில் கையாளப்பட்டது. வேகம் கிடைத்தது, சுமை நிரலாளர் தலையில் விழுந்தது. இதே காலத்தில் கேம்பிரிட்ஜில் மோரிஸ் வில்க்ஸ் வேகத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பயன்பாட்டு எளிமைக்கு முதலிடம் தந்தார். அவரது எட்சாக் 1949 மே மாதத்தில் இயங்கியது.

ஏஸோ தாளிலேயே நின்றது. கட்டுமானப் பொறுப்பை ஏற்க வேண்டிய அஞ்சல் துறைப் பொறியாளர்களுக்கு வேறு பணிகள் இருந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி ஹஸ்கி 1947 இல் தொடங்கிய சிறிய சோதனைப் பொறியும் நிறுத்தப்பட்டது. திட்டம் மிகப் பெரியது என்ற குறை கூறப்படுவதுண்டு. ஆனால் வடிவமைப்பவரும் கட்டுபவரும் வெவ்வேறு இடங்களில் இருந்ததே பெரிய தடை எனலாம். தன்னார்வலர் கைகளை நம்பி முன்னுரிமைப் பட்டியல் போடும் கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு இந்நிலை புதிதன்று.

டூரிங் 1948 இல் பதவி விலகினார். அவ்வாண்டு ஜூன் 21 அன்று மான்செஸ்டரில் நினைவகத்தில் நிரலைச் சேமித்து இயக்கும் முதல் மின்னணுக் கணினி இயங்கியது. ஏஸின் சிறிய வடிவமான பைலட் ஏஸ் 1950 மே 10 அன்று தன் முதல் நிரலை இயக்கியது. அக்காலக் கணினிகளுள் மிக வேகமானவற்றுள் அதுவும் ஒன்று.

மான்செஸ்டர்

1948 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த டூரிங், அங்குள்ள கணினிக்கு நிரலாளர் கையேடு எழுதினார். எண்களைத் தொலை அச்சுக் குறிகளாக, 32 ஐ அடியாகக் கொண்டு எழுத வேண்டியிருந்தது. இவருக்கு அது இயல்பாக வந்தது, பிறர் திணறினர். பயன்படுத்துவோரின் வசதி இவரது பட்டியலில் என்றும் கீழேதான் இருந்தது. அந்தக் குறையை அலிக் கிளென்னி 1952 இலும் டோனி புரூக்கர் 1954 இலும் உருவாக்கிய ஆட்டோகோடுகள் தீர்க்கத் தொடங்கின.

இறுதிக் காலம்

இயந்திரங்கள் சிந்திக்குமா என்று ஆராயும் கட்டுரையை 1950 இல் வெளியிட்டார். 1951 இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். தன்பாலுறவு அப்போது இங்கிலாந்தில் குற்றமாக இருந்ததால் 1952 இல் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக இயக்குநீர் ஊசிகளை ஏற்றார். 1954 இல் வில்ம்ஸ்லோவில் உள்ள வீட்டில் சயனைடு நஞ்சால் இறந்தார். தற்கொலை எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. தாய் அதனை ஏற்கவில்லை. அவர் எழுதிய மகனின் வாழ்க்கை வரலாறு 1959 இல் வெளிவந்தது. பிரித்தானியப் பிரதமர் கார்டன் பிரவுன் 2009 இல் மன்னிப்புக் கோரினார். 2013 இல் அரச மன்னிப்பு வழங்கப்பட்டது.

ஏஸ் அறிக்கை நெடுங்காலம் ஆய்வக வட்டத்துக்குள்ளேயே இருந்தது. அது நூலாக அச்சேறியது 1986 இல்தான்.