பெங்களூர் நாகரத்தினம்மாள் மீட்ட புத்தகம்

திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜ சுவாமிகளின் சமாதி இருக்கிறது. ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டி அங்கே ஆராதனை நடைபெறும். நூற்றுக்கணக்கான வித்துவான்கள் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடுவார்கள். அந்தச் சமாதியைப் பார்த்தபடி ஒரு பெண்மணியின் சிலை அமர்ந்திருக்கிறது. சிதைந்து கிடந்த சமாதிக்குத் தன் கைப்பணத்தில் கோவில் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் சிலை அது.

கோவில் கட்டிய கதை பலருக்கும் தெரியும். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் இன்னொரு பெரிய காரியம் செய்தார். மறக்கப்பட்டுக் கிடந்த ஒரு பெண் கவியின் புத்தகத்தைத் தேடிப் பிடித்து, பிழை திருத்தி, அச்சில் ஏற்றினார். அதற்காக ஏச்சும் பேச்சும் வாங்கினார். புத்தகத்தைப் போலீசார் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் கதை நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாது.

நஞ்சன்கூட்டுப் பெண்

நாகரத்தினம்மாள் 1878-ம் ஆண்டு மைசூர் சமஸ்தானத்தில் நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி, தேவதாசி மரபில் வந்தவர். தந்தை ஒரு வக்கீல். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் இருவரையும் கைவிட்டுவிட்டார்.

ஆதரவற்ற தாயும் மகளும் மைசூரில் ஒரு சமஸ்கிருத பண்டிதரின் வீட்டில் அடைக்கலம் புகுந்தார்கள். பண்டிதர் சிறுமிக்குச் சமஸ்கிருதமும் சங்கீதமும் கற்றுக் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் அந்த ஆதரவும் போயிற்று. மகளைப் பேரும் புகழும் பெற்றவளாக ஆக்கிய பிறகே மைசூருக்குத் திரும்புவது என்று தாயார் சபதம் செய்துகொண்டு ஊரை விட்டுப் புறப்பட்டார்.

கடைசியில் பெங்களூரில் நிலைத்தார்கள். தாய்மாமன் அங்கே பிடில் வாசிப்பவர். வாலாஜாபேட்டை சிஷ்ய பரம்பரையைச் சேர்ந்த முனுசாமியப்பாவிடம் சிறுமி முறையாகச் சங்கீதம் பயின்றாள். வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் தியாகராஜரிடமே பயின்றவர். ஆகவே நாகரத்தினம்மாளுக்குத் தியாகராஜர் குருவின் வழியில் மூத்தவர் ஆனார்.

15 வயதில் அரங்கேற்றம். மைசூர் அரண்மனையிலும் பாடினார். மைசூர் ஐகோர்ட் நீதிபதியாக இருந்த நரஹரி ராவ் அவரை ஆதரித்தார். பெங்களூரில் ஹனுமந்த நகர்ப் பக்கம் வசிப்பவர்களுக்கு நரஹரி ராயர் குட்டா என்ற குன்று தெரிந்திருக்கும். அந்த நரஹரி ராவ்தான் இவர்.

இருபத்தைந்து வயதை ஒட்டி அம்மையார் சென்னைக்குக் குடியேறினார். அங்கே ஜார்ஜ் டவுனில் வசித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்து, வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதித்தார். சென்னைக்குப் போன பிறகும் பெயருக்கு முன்னால் பெங்களூர் நின்றுவிட்டது. ஊரை விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இது புதிதல்ல. ஊரில் நம்மைப் பெங்களூர்க்காரர் என்பார்கள்; இங்கே மதுரைக்காரர், சேலத்துக்காரர் என்பார்கள்.

கன்னடம், தெலுங்கு, தமிழ், சமஸ்கிருதம் எல்லாம் அவருக்குத் தெரியும். ஆங்கிலமும் படித்தார். கச்சேரி இல்லாத நேரத்தில் அவர் கையில் புத்தகம் இருக்கும். இசைக் கலைஞர்களில் இப்படிப் பண்டிதரைப் போலப் படித்தவர்கள் குறைவு.

தஞ்சாவூர்க் கவி

தஞ்சாவூர்க் காலத்துத் தெலுங்கு இலக்கியம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெயர் அவர் கண்ணில் பட்டது. முத்துப்பழனி. 18-ம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்த கணிகை. அவள் எழுதிய ராதிகா சாந்த்வனம் என்ற காவியம் அங்கே பாராட்டப்பட்டிருந்தது.

தஞ்சாவூரில் தெலுங்குக் காவியமா என்று வாசகர்கள் வியக்க வேண்டாம். நாயக்கர் காலத்திலிருந்தே தஞ்சை அரசவையில் தெலுங்குதான் கவிதைக்கும் சங்கீதத்துக்கும் மொழி. மராட்டியர் வந்த பிறகும் அது மாறவில்லை. தமிழ்நாட்டில் பிறந்து தமிழ்நாட்டிலேயே வாழ்ந்த தியாகராஜர் தெலுங்கில் பாடியதும் இதனால்தான். முத்துப்பழனி ஆண்டாளின் திருப்பாவையையும் தெலுங்கில் தந்தவள்.

காவியத்தின் கதை எளிது. ராதை, தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்குத் தானே மணம் முடித்து வைக்கிறாள். வைத்துவிட்டு, பிரிவைத் தாங்க முடியாமல் துடிக்கிறாள். கோபம் கொள்கிறாள். கண்ணன் வந்து அவளைச் சமாதானம் செய்கிறான். 584 பாடல்கள். சிருங்காரம் நிறைந்தவை. தெலுங்குக் காவியங்களில் சிருங்காரம் புதிதல்ல. ஆனால் மற்றக் கவிஞர்கள் பெண்ணை வெளியே இருந்து வர்ணித்தார்கள். முத்துப்பழனியோ பெண்ணின் ஆசையையும் பொறாமையையும் பெண்ணின் உள்ளே இருந்து எழுதினாள்.

நாகரத்தினம்மாள் புத்தகத்தைத் தேடினார். வெங்கடநரசு என்பவர் 1887-ம் ஆண்டு வெளியிட்ட பதிப்பு கிடைத்தது. 1907-ல் மறுபடி அச்சான பதிப்பு அது. படித்தால் பிழை மலிந்திருந்தது. பிறகு மூலத்தின் கையெழுத்துப் பிரதி கைக்கு வந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது அச்சுப் பதிப்பில் பல பாடல்களே இல்லை என்பது தெரிந்தது. முகவுரையும் இல்லை.

அந்த முகவுரையில்தான் முத்துப்பழனி தன் பாட்டியையும் தாயையும் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். புலவர்களுக்குத் தான் பொருள் கொடுத்ததையும், புலவர்கள் தனக்கு நூல்களைக் காணிக்கை ஆக்கியதையும் தலை நிமிர்ந்து எழுதியிருந்தாள். அதை எடுத்துவிட்டால் எழுதியவள் யார் என்பதே மறைந்துவிடும்.

எத்தனை முறை படித்தாலும் மறுபடி படிக்கத் தோன்றும் நூல் என்று நாகரத்தினம்மாள் கருதினார். எழுதியவள் ஒரு பெண். அதிலும் தன் குலத்துப் பெண். ஆகவே சரியான வடிவத்தில் வெளியிடுவது தன் கடமை என்று முடிவு செய்தார். பாடங்களை ஒப்பிட்டுத் திருத்தினார். 1910-ம் ஆண்டு சென்னையில் புகழ் பெற்ற வாவிள்ள ராமசாமி சாஸ்த்ருலு நிறுவனம் புத்தகத்தை வெளியிட்டது.

வீரேசலிங்கத்துக்குப் பதில்

அந்தப் பதிப்புக்கு நாகரத்தினம்மாள் எழுதிய முன்னுரை இன்றும் பேசப்படுகிறது. காரணம் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு.

வீரேசலிங்கம் சாமானியர் அல்ல. விதவை மறுமணத்துக்காகப் போராடியவர். 1881-ம் ஆண்டு ராஜமுந்திரியில் அத்தகைய திருமணத்தைத் துணிந்து நடத்தி வைத்தவர். பெண் கல்விக்காகப் பாடுபட்டவர். தெலுங்குக் கவிஞர்களின் வரலாற்றை எழுதியவரும் அவரே. அந்த வரலாற்றில் முத்துப்பழனியின் புலமையை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நூலின் பல பகுதிகள் பெண்கள் காதால் கேட்கவும் தகாதவை, அவற்றை ஒரு பெண்ணே எழுதியது வெட்கக்கேடு என்று கண்டித்திருந்தார். அவளுடைய குலத்தையும் இழுத்துப் பேசியிருந்தார்.

இதற்கு நாகரத்தினம்மாள் அடக்கமாக, ஆனால் அசையாமல் பதில் எழுதினார். வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும்தான் உரியதா, ஆணுக்கு இல்லையா என்று கேட்டார். கணிகை என்பதால் கூச்சமின்றி எழுதினாள் என்றால், கௌரவமான ஆண்கள் அப்படி எழுதலாமா என்று கேட்டார். பெரிய கவிகள் எழுதிய நூல்களில் இதைவிடப் பச்சையான வர்ணனைகள் உள்ளன என்று எடுத்துக் காட்டினார். அவற்றில் ஒன்றான வைஜயந்தி விலாசம், பந்துலுவே பார்வையிட்டு அச்சுக்கு அனுமதித்த நூல் என்பதையும் சுட்டிக் காட்டினார்.

பெண்கள் முன்னேற்றத்துக்குப் பாடுபட்ட பெரியவரிடம், ஒரு தேவதாசி இப்படி அச்சில் கேள்வி கேட்டது 1910-ம் ஆண்டில். அவர் கேட்டது சலுகை அல்ல. ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்றுதான் கேட்டார். வீரேசலிங்கத்தைக் குறைத்துச் சொல்ல நமக்கு எண்ணம் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நியாயம் அம்மையார் பக்கம்தான் இருந்தது.

போலீஸ் வந்தது

புத்தகம் வெளிவந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. விபசாரி ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி பதிப்பித்திருக்கிறாள் என்ற தோரணையில் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. விஷயம் வெள்ளைக்கார அரசாங்கத்தின் காதுக்குப் போயிற்று. ஆட்சேபத்துக்குரிய பாடல்களை அரசாங்க மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். காவியத்தில் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் பிய்த்து எடுத்து, அதுவும் அன்னிய மொழியில் படித்தால் எந்தக் காவியம் தேறும்?

1911-ம் ஆண்டு போலீசார் வாவிள்ள நிறுவனத்தில் இருந்த பிரதிகளைப் பறிமுதல் செய்தார்கள். நூல் ஆபாசமானது என்று தடை விதிக்கப்பட்டது. வாவிள்ள நிறுவனம் வெளியிட்ட வேறு சில பழைய நூல்களும் இதே பழிக்கு ஆளாயின. பதிப்பாளரும் புலவர்களும் அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். பலன் இல்லை.

ஆனால் வாவிள்ள நிறுவனத்தார் புத்தகத்தைக் கைவிடவில்லை. நாகரத்தினம்மாளும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

திருவையாற்றில்

1921-ல் தியாகராஜர் சமாதி முள்ளும் புதருமாய்க் கிடக்கிறது என்ற செய்தி அவருக்கு வந்தது. நிலத்தை வாங்கினார். 1925-ம் ஆண்டு ஜனவரி மாதம் கும்பாபிஷேகம் நடந்தது. நகைகளை விற்றுப் பணம் போட்டார்.

கோவில் கட்டியவர் பெண். ஆனால் ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை. ஆண் வித்துவான்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து நின்று, இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அம்மையார் மன்றாடிக்கொண்டு நிற்கவில்லை. தேவதாசிப் பெண்களைத் திரட்டி, சமாதியின் பின்புறத்தில் தனியாகக் கச்சேரி நடத்தினார். ஊரார் அதைப் பொம்பளைக் கட்சி என்று கேலியாக அழைத்தார்கள். 1940-ம் ஆண்டை ஒட்டிக் கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் ஆராதனையில் பாடினார்கள்.

எல்லா விஷயத்திலும் அவர் காலத்துச் சீர்திருத்தக்காரர்களோடு அவர் ஒத்துப்போனார் என்று சொல்ல முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டு வர முயன்றபோது, நாகரத்தினம்மாள் எதிர்ப்பக்கம் நின்றார். அந்தப் பெண்கள் கற்ற கலையும் கல்வியும் அவர்களுடைய சொத்தும் சேர்ந்து அழிந்துவிடும் என்பது அவர் கட்சி. அந்த மரபில் பெண்கள் பட்ட துன்பத்தை டாக்டர் அம்மையார் நேரில் கண்டவர். இரண்டு பேரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். சட்டம் 1947-ல் நிறைவேறியது.

அதே 1947-ம் ஆண்டில்தான் ராதிகா சாந்த்வனம் நூலுக்கு இருந்த தடையும் நீங்கியது. சென்னை ராஜ்யப் பிரதமராக இருந்த ஆந்திர கேசரி பிரகாசம் எடுத்த முயற்சியால் அது நடந்தது. 1911-ல் பிடுங்கப்பட்ட நூல் 36 ஆண்டுகளுக்குப் பிறகு விடுதலை பெற்றது. நாகரத்தினம்மாளுக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

1952-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி அவர் காலமானார். தியாகராஜர் சமாதியின் அருகிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது. தன் சொத்தை அந்தக் கோவிலுக்கே எழுதி வைத்திருந்தார். தேவதாசிகள் உட்படப் பெண்கள் எல்லோரும் அங்கே பாடவும் வழிபடவும் உரிமை உண்டு என்பதை உயிலில் நிபந்தனையாகச் சேர்த்திருந்தார்.

வாவிள்ள நிறுவனம் ராதிகா சாந்த்வனத்தை மறுபடி அச்சிட்டதும் 1952-ல்தான். ஆங்கில மொழிபெயர்ப்பு 2011-ம் ஆண்டு வெளிவந்தது. தஞ்சாவூரில் பிறந்த காவியத்தைத் தெலுங்கு தெரியாத நாமும் இப்போது ஆங்கிலத்தில் படிக்கலாம். பிய்த்து எடுத்த துண்டுகளாக அல்ல, முழுக் காவியமாகவே.