பார்னி ஓல்ட்ஃபீல்ட்: மண் தடத்தில் பறந்த சுருட்டு டிரைவர்... யார் இவர்?

அமெரிக்காவின் ‘ஸ்பிரிண்ட் கார்’ ரேஸ் வீடியோக்கள் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். தலைக்கு மேல் பெரிய தகடு மாதிரி ஒரு இறக்கை, களிமண் தடம், ஒவ்வொரு வளைவிலும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே போகும் கார், பார்ப்பவர்கள் மேல் வந்து விழும் மண். இன்றைக்கு அந்த வண்டிகளில் சுமார் 900 குதிரைத்திறன் எஞ்சின் இருக்கிறது. அதை ஓட்டுவதையே முழுநேரத் தொழிலாக வைத்து, ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிக்கும் டிரைவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பிழைப்புக்குப் பாதை போட்டுக் கொடுத்தவர் பார்னி ஓல்ட்ஃபீல்ட். அவர் புகழ் எந்த அளவுக்கு என்றால், வேகமாகப் போகும் வண்டியை மடக்கும் அமெரிக்க போலீஸ்காரர், நீ என்ன பெரிய பார்னி ஓல்ட்ஃபீல்டா என்று கேட்பது பல வருஷம் அங்கே வழக்கமாகவே இருந்தது.

சைக்கிளில் இருந்து காருக்கு

1878 ஜனவரி 29-ம் தேதி ஒஹாயோ மாநிலத்தின் வாசியான் என்ற சிற்றூரில் பிறந்தவர். முழுப்பெயர் பெர்னா எலி ஓல்ட்ஃபீல்ட். வசதியில்லாத குடும்பம். இளவயதிலேயே வேலைக்குப் போனார், 16 வயதில் சைக்கிள் ரேஸில் இறங்கினார். அந்தக் காலத்து அமெரிக்காவில் சைக்கிள் ரேஸ் என்றால் கூட்டமும் பணமும் புரளும் விளையாட்டு. அங்கே பழக்கமானவர் டாம் கூப்பர் என்ற சாம்பியன். ஓல்ட்ஃபீல்டின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது அந்தப் பழக்கம்தான்.

1902-ல் கூப்பர் ஒருவரோடு சேர்ந்து ரேஸ் கார் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒருவர் ஹென்றி ஃபோர்ட். அப்போது அவர் கோடீஸ்வரர் இல்லை. தன் பெயரில் இருந்த கம்பெனியிலிருந்தே வெளியேறி, அடுத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தவர். கட்டிய காருக்கு ‘999’ என்று பெயர், அன்றைக்குப் பிரபலமாக இருந்த ஒரு ரயில் எஞ்சினின் எண் அது. கார் என்றால் மூடி கிடையாது, கதவு கிடையாது. ஒரு சட்டம், அதன் மேல் 18.9 லிட்டர் எஞ்சின், டிரைவருக்கு ஒரு சீட். இன்றைய சின்ன குடும்பக் காரின் எஞ்சின் 1.2 லிட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வட்டமான ஸ்டீயரிங்குக்குப் பதில் இரு கையாலும் பிடித்துத் திருப்பும் ஒரு நீளக் கம்பி. ஃபோர்டும் கூப்பரும் அதை வேகமாக ஓட்டிப் பார்த்துப் பயந்துவிட்டார்கள். அதனால் பயமில்லாத ஓர் ஆளைத் தேடினார்கள். அதுவரை கார் ஓட்டியே பழக்கமில்லாத ஓல்ட்ஃபீல்ட் வந்து உட்கார்ந்தார்.

1902 அக்டோபர் 25. டெட்ராய்ட் அருகே கிராஸ் பாயின்ட் மைதானத்தில் 5 மைல் பந்தயம். எதிரில் அன்றைய பெரிய கார் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் வின்டன். ஓல்ட்ஃபீல்ட் வளைவுகளில் வேகத்தைக் குறைக்கவே இல்லை, வின்டன் கார் கோளாறாகி நின்றுபோனது. 5 நிமிடம் 28 நொடியில் பந்தயம் முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் ஃபோர்ட் மோட்டார் கம்பெனி தொடங்கியபோது, இந்த வெற்றியால் ஃபோர்ட் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஏன் மண் தடம்?

அப்போது கார் ரேஸுக்கென்று தனி மைதானமே கிடையாது. இருந்ததெல்லாம் குதிரைப் பந்தயத் தடங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் வருஷாந்திர விவசாயச் சந்தை நடக்கும். அந்தத் திடலில் ஒரு நீள்வட்ட மண் பாதை இருக்கும், பல ஊர்களில் சரியாக ஒரு மைல் சுற்று. குதிரைக்குப் போட்ட அந்த மண்ணில்தான் காரையும் விட்டார்கள்.

மண்ணில் டயருக்குப் பிடிமானம் குறைவு. தார்ச் சாலையில் திருப்புவது போலத் திருப்பினால் கார் நேராகப் போய் வேலியில் முட்டும். அதனால் வேண்டுமென்றே பின்சக்கரங்களை வழுக்க விட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டராலேயே காரை வளைக்க வேண்டும். இன்றைய ஸ்பிரிண்ட் கார் டிரைவர் செய்வதும் இதைத்தான். ஓல்ட்ஃபீல்ட் காலத்தில் இதைச் செய்தவருக்கு ஹெல்மெட் இல்லை, சீட் பெல்ட் இல்லை, முன்னால் போகிறவர் கிளப்பும் புழுதியில் கண்ணும் தெரியாது. வாயில் எப்போதும் சுருட்டு. ஸ்டைலுக்கு என்று நினைத்தார்கள். குலுக்கலில் பல் ஒன்றோடொன்று மோதி உடையாமல் இருக்கக் கடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். எப்படியோ, பிறகு அதுவே அவருடைய டிரேட் மார்க் ஆகிவிட்டது.

1903 ஜூன் 20-ம் தேதி இண்டியானாபோலிஸ் சந்தைத் திடலில் ஒரு மைல் மண் சுற்றை 59.6 நொடியில் முடித்தார். வட்டப் பாதையில் ஒரு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓட்டிய முதல் ஆள். மணிக்கு சுமார் 97 கிலோமீட்டர். இன்றைக்கு நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும் கார்கூட அந்த வேகம் தொடும். ஆனா, பெரும்பாலானவர்கள் காரையே பார்த்திராத காலம் அது. அடுத்த நாள் முதல் அவர் ஸ்டார். வின்டனே அவரைத் தன் கம்பெனிக்கு இழுத்துக்கொண்டார்.

ரத்தமும் வசூலும்

இந்தப் புகழுக்கு வேறொரு பக்கமும் உண்டு. 1904-ல் செயின்ட் லூயிஸ் நகர ரேஸில் அவர் கார் வேலியை உடைத்துக்கொண்டு போனதில் பார்வையாளர்கள் இருவர் இறந்தார்கள். அவர் காயத்தோடு பிழைத்தார், குணமானதும் மீண்டும் ஓட்டினார். குதிரைக்குப் போட்ட மரவேலி கார் வேகத்தைத் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் டிக்கெட் விற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். விபத்து நடக்கலாம் என்பதே கூட்டத்தை இழுத்தது என்பதுதான் கசப்பான உண்மை.

ஓல்ட்ஃபீல்டும் அந்தக் கூட்டத்தின் நாடியைப் பிடித்தவர். கார்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு, சர்க்கஸ் கம்பெனி மாதிரி ஊர் ஊராகப் போவார். மூன்று சுற்றுப் போட்டி என்று விளம்பரம். முதலாவதில் ஜெயிப்பார், இரண்டாவதில் தோற்பார், மூன்றாவதில் நூலிழையில் ஜெயிப்பார். பெரும்பாலும் முன்கூட்டியே பேசிவைத்த நாடகம். இதை மோசடி என்று சொல்லத் தோன்றும். ஆனா, அந்த நாடகத்திலும் கார் நிஜம், வேகம் நிஜம், மண் நிஜம். வசூலும் நிஜம்தான்! 1914-ல் லிங்கன் பீச்சி என்ற விமானியோடு சேர்ந்து, கீழே காரும் மேலே விமானமும் போட்டி போடும் காட்சியை ஊர் ஊராக நடத்தினார்.

சும்மா வேடிக்கை காட்டுகிறவர் என்று ஒதுக்கவும் முடியாது. 1910 மார்ச்சில் டேடோனா கடற்கரையில் ‘பிளிட்சன் பென்ஸ்’ காரில் மணிக்கு 131.7 மைல், அதாவது சுமார் 212 கிலோமீட்டர் வேகம் தொட்டார்.

ஜாக் ஜான்சனோடு மோதல்

அதே 1910-ல் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் இவர் கதையை முடிக்க முடியாது. குத்துச்சண்டையின் முதல் கறுப்பின ஹெவிவெயிட் உலக சாம்பியன் ஜாக் ஜான்சன். ஜூலை 4-ம் தேதி வெள்ளையர்களின் நம்பிக்கையாக இறக்கிவிடப்பட்ட ஜிம் ஜெஃப்ரிஸை அவர் அடித்து வீழ்த்த, அமெரிக்கா முழுக்கக் கலவரம். ஜான்சனுக்குக் கார் என்றால் உயிர். ரேஸிலும் தன்னால் முடியும் என்றார்.

விடுவாரா ஓல்ட்ஃபீல்ட்? அக்டோபர் 25-ம் தேதி நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே மைதானத்தில் இருவரும் மோதினார்கள். இரண்டு சுற்றிலும் ஓல்ட்ஃபீல்ட் எளிதாக ஜெயித்தார். தொழில்முறை ரேஸ் அனுபவமே இல்லாதவரோடு, நாட்டில் பற்றி எரிந்த நிறவெறியைக் காசாக்கிய போட்டி அது. இதில் அவரைப் பாராட்ட ஒன்றுமில்லை. அனுமதி பெறாத ரேஸ் என்று அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் அவரை சஸ்பெண்ட் செய்தது. அதனால் 1911-ல் நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 ரேஸில் அவரால் ஓட்ட முடியவில்லை.

அவருக்குத் தடை பிறகு நீங்கியது. கறுப்பின டிரைவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. 1924-ல் அவர்கள் தங்களுக்கென்று ‘கோல்ட் அண்ட் குளோரி’ என்ற 100 மைல் பந்தயத்தைத் தொடங்கினார்கள். நடந்த இடம், 1903-ல் ஓல்ட்ஃபீல்ட் பெயர் வாங்கிய அதே இண்டியானாபோலிஸ் சந்தைத் திடல். இண்டியானாபோலிஸ் 500-ல் ஒரு கறுப்பின டிரைவர், வில்லி டி. ரிப்ஸ், தகுதி பெற 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசி ஆட்டங்கள்

1914-ல் ஓல்ட்ஃபீல்டுக்கு 36 வயது. அந்த ஆண்டு இண்டியானாபோலிஸ் 500-ல் ஐந்தாவதாக வந்தார். முதல் நான்கு பேரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் என்பதால், அமெரிக்கர்களில் அவரே முதல். நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஃபீனிக்ஸ் வரை பாலைவனம், சேறு, ஆறு எல்லாம் தாண்டும் மூன்று நாள் ரேஸில் வென்றார்.

1916-ல் நண்பர் பாப் பர்மன் ரேஸில் இறந்தார். கார் கவிழ்ந்தாலும் டிரைவர் பிழைக்க வேண்டும் என்ற யோசனையோடு ஹாரி மில்லரிடம் கார் கட்டச் சொன்னார் ஓல்ட்ஃபீல்ட். முட்டை வடிவில், முழுக்க மூடிய, தங்க நிறக் கார். பெயர் ‘கோல்டன் சப்மரீன்’. பிற்பாடு ஒரு விபத்தில் தீப்பிடித்தபோது, பாதுகாப்புக்கு வைத்த கூடே அவரை உள்ளே அடைக்கப் பார்த்தது. மேல்மூடியை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனாலும், டிரைவரைச் சுற்றி ஒரு கூண்டு வேண்டும் என்ற யோசனை சரியானதுதான். இன்றைய ஸ்பிரிண்ட் காரில் இரும்புக் கம்பிக் கூண்டு இல்லாமல் தடத்திலேயே இறங்க முடியாது.

1918-ல் ரேஸை விட்டார். தன் பெயரில் டயர் பிசினஸ் தொடங்கினார். தயாரித்துக் கொடுத்தது ஃபயர்ஸ்டோன். பிறகு அதை அவர்களுக்கே விற்றுவிட்டார். 1929 பங்குச்சந்தை சரிவில் சேர்த்ததில் பெரும்பகுதி போனது.

1946-ல் மோட்டார் தொழிலின் பொன்விழாவை டெட்ராய்ட் நகரம் கொண்டாடியது. கௌரவிக்கப்பட்ட முன்னோடிகளில் ஹென்றி ஃபோர்டும் இருந்தார், ஓல்ட்ஃபீல்டும் இருந்தார். ஃபோர்டை நான் உருவாக்கினேன், என்னை ஃபோர்ட் உருவாக்கினார், ஆனா என் வேலைதான் சுத்தமாக அமைந்தது என்று ஓல்ட்ஃபீல்ட் கிண்டலடிப்பாராம். அந்த ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி பெவர்லி ஹில்ஸில் அவர் காலமானார், வயது 68. ஆறு மாதம் கழித்து ஃபோர்டும் போய்ச் சேர்ந்தார்.