கட்டத்துக்குள் அடங்காத மேகம்

அன்சிஸ்ல ஒரு தடவையாவது சிமுலேஷன் ஓடவிட்டவங்களுக்கு இது தெரியும்: மெஷ்ஷை விடச் சின்னதா இருக்கிற சுழல் எதுவும் மாடலோட கண்ணுக்குத் தெரியாது. அதைச் சமாளிக்கத்தான் மெனுவில் ஒரு டர்புலன்ஸ் மாடலைத் தேர்ந்தெடுக்கிறோம். (மூணாவது வருஷம் முழுக்க எனக்கு கே-எப்சிலான்தான். காரணம், சீனியர் அதைத்தான் போட்டார்.) இதே தலைவலியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிய ஒருத்தர் ஜூல் சார்னி. அவர் மெஷ் போட்டது பூமியின் காற்று மண்டலத்துக்கு.

1917 ஜனவரி 1 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். கணிதம் படித்தவர். போர்க் காலத்தில் ஏரோநாட்டிக்ஸா, வானிலையா என்று குழம்பி தியோடர் வான் கார்மனிடம் யோசனை கேட்டார். ஆமா, நம்ம ஃப்ளூயிட்ஸ் புத்தகத்தில் சுழல்களோடு வருகிற அதே கார்மன்தான். வானிலைக்கே போ என்றார் அவர்.

அந்தத் துறையில் அப்போ ஒரு பழைய தோல்வி எல்லாரையும் பயமுறுத்திக்கொண்டு இருந்தது. ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், 1910 மே 20-ஆம் தேதி வானிலையைச் சமன்பாடுகளில் போட்டுக் கையால் கணக்குப் பார்த்தார். 6 மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று விடை வந்தது. நிஜத்தில் அழுத்தம் அசையவே இல்லை. சமன்பாட்டுக்குள் ஓடுகிற வேகமான ஈர்ப்பு அலைகள் நிஜமான வானிலையை மூழ்கடித்துவிடுகின்றன. பெரிய அளவு நகர்வுக்கு அவை தேவையில்லை, வடிகட்டிவிடலாம் என்று சார்னி 1948-ல் காட்டினார். எதை விடலாம் என்று தெரிந்ததுதான் அவருடைய முதல் பெரிய வெற்றி.

1950-ல் ஜான் வான் நாய்மனின் குழுவோடு எனியாக் கணினியில் அதைச் செய்தும் பார்த்தார். கட்டத்தின் அளவு 736 கிலோமீட்டர். 24 மணி நேர முன்கணிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே ஆனது! அதில் மேகமும் கிடையாது, மழையும் கிடையாது. ஆனாலும் வானிலையை நம்பும்படி சொன்னது.

ஆனா விட்டதெல்லாம் திரும்பி வந்தது. 1964-ல் எலியாசனோடு சேர்ந்து புயலை ஆராய்ந்தபோது, சில கிலோமீட்டர் அகலமுள்ள இடிமேகங்கள் வெளிவிடும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் புயலை விளக்க முடியவில்லை. அவர் கொடுத்த தியரியில் பிறகு பலர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். கேள்வி மட்டும் அப்படியே நின்றது: கட்டத்துக்குள் தெரியாத ஒன்றின் மொத்த விளைவை எப்படி எழுதுவது?

இடையில் வியட்நாம் போருக்கு எதிராக நிதி திரட்டும் வேலையிலும் இறங்கினார். அதைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

1979 ஜூலையில் வுட்ஸ் ஹோலில் ஒரு சிறிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்பதே கேள்வி. மனாபேயின் மாடல் சுமார் 2 டிகிரி என்றது, ஹான்சனின் மாடல் சுமார் 4 டிகிரி என்றது. இரண்டும் அதே இயற்பியல்தான். ஆனா மேகம் கட்டத்தை விடச் சின்னது; அதை ஏதோ ஒரு தோராய விதியாகத்தான் எழுத முடியும். தாழ்வான மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உயரமான மெல்லிய மேகம் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சூடாகும்போது எது குறையும், எது கூடும் என்பதில் சின்ன வித்தியாசம் இருந்தாலே விடை மாறிவிடும்.

ஒரே எண்ணைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சார்னி குழு இரண்டு பக்கமும் அரை டிகிரி கூட்டி, 1.5 முதல் 4.5 வரை என்று எழுதியது. மேகம் சரியாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. வெப்பமாகுமா என்பதில் மட்டும் அறிக்கை தயங்கவில்லை.

1981 ஜூனில் புற்றுநோயால் இறந்தார். வயது 64.

2013-ல் ஐபிசிசி கொடுத்த வரம்பும் அதே 1.5 முதல் 4.5 தான். 2021-ல்தான் அது 2.5 முதல் 4 என்று சுருங்கியது, அதுவும் பழங்கால வெப்பநிலைச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்ததால். அதே சமயம் சில புதிய மாடல்கள் 5 டிகிரியைத் தாண்டின. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், மறுபடியும் பெரும்பாலும் தாழ்வான மேகங்கள்தான்.