கல்லறை இல்லாத புனிதர்: யோசப் வாஸ் நம் கரையில் விட்டுச் சென்றது

மறுமையைப் பற்றி அதிகம் பேசும் ஊர் எங்களுடையது. கடலை நம்பி வாழும் சிலாபத்தில், காலையில் வள்ளம் தள்ளியவர் மாலையில் கரை சேர்வார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தானோ என்னவோ, பூசைப் பிரசங்கத்திலும் மரண வீட்டுச் செபத்திலும் ஒரே அறிவுரை திரும்பத் திரும்ப வரும். இவ்வுலகம் கடந்து போகும், கண்ணை மோட்சத்தின் மேல் வை என்பதே அது. சிறு வயது முதல் நான் கேட்டு வளர்ந்த அறிவுரை இது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு அந்த அறிவுரையை முன்போல் கேட்க முடியவில்லை. நாடெங்கும் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். எங்களுக்குத் தெற்கே, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்தில் மட்டும் நூறுக்கும் மேற்பட்டவர்கள். அதன் பின் இரண்டு விதமான பேச்சுகள் என் காதில் விழுந்தன. இறந்தவர்கள் மோட்சத்தில் இருக்கிறார்கள், இனி விசாரணை என்றும் நீதி என்றும் எதற்கு அலைவது என்றார்கள் சிலர். இத்தனை பிணங்களுக்கு நடுவே மோட்சத்தைப் பற்றிப் பேசுவதே ஏமாற்று வேலை என்றார்கள் வேறு சிலர். எதிரெதிரான பேச்சுகளாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: விண்ணைப் பார்ப்பவன் மண்ணைப் பார்க்க மாட்டான் என்ற எண்ணம்.

இந்த எண்ணம் சரியா என்று பார்க்க எனக்குத் துணையாக வந்தது ஒரு பழைய வாழ்க்கை. தற்செயலாக, அதுவும் ஓர் ஏப்ரல் 21ஆம் திகதியில் தொடங்கியது. 1651ஆம் ஆண்டு அந்த நாளில் கோவாவின் பெனாலிம் கிராமத்தில் பிறந்தவர்தான் இலங்கையின் அப்போஸ்தலர் என்று அழைக்கப்படும் புனித யோசப் வாஸ் அடிகளார்.

குருக்கள் இல்லாத 29 ஆண்டுகள்

அவர் வந்த காலத்தின் நிலையை முதலில் பார்க்க வேண்டும். 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்ததோடு இலங்கைக் கரையோரத்தில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. அடுத்து வந்த ஒல்லாந்தர் கல்வினிச சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்க வழிபாட்டை அவர்கள் தடை செய்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அறிவித்தார்கள். ஆலயங்கள் சீர்திருத்த சபையின் கைக்கு மாறின. ஞானஸ்நானம், திருமணம், பிள்ளைகளின் பள்ளிப் பதிவு எல்லாம் அந்தச் சபையின் ஊடாகவே நடந்தன. பதிவு இல்லாவிட்டால் சொத்துரிமைக்கும் சிக்கல். ஆகவே ஏட்டில் ஒரு மதம், வீட்டுக்குள் ஒரு மதம் என்று மக்கள் வாழப் பழகினார்கள்.

இந்தச் செய்தி கோவாவுக்கு எட்டியது. வாஸ் அப்போது ஒரு குருவானவர். 1676இல் குருப்பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே தம்மை மாதாவின் அடிமையாக எழுதிக் கொடுத்துச் சாசனம் செய்தவர். 1681 முதல் 1684 வரை மங்களூரை உள்ளடக்கிய கனரா நாட்டில் பணி செய்தார். பின்னர் கோவாவில் உள்ளூர்க் குருக்கள் கூடி வாழ்ந்த ஒறற்றோரியன் சபையில் சேர்ந்தார்.

ஐரோப்பியக் குரு ஒருவர் ஒல்லாந்தரின் கண்ணில் படாமல் இலங்கைக்குள் நுழைவது மிகவும் கடினம். கொங்கணிப் பிராமண வழிக் குடும்பத்தில் பிறந்த, இந்திய நிறம் கொண்ட ஒருவர் ஏழை ஆளைப்போல் வேடமிட்டு வந்தால் முடியலாம். 1686இல் யோவான் என்ற பணியாளரோடு வாஸ் கோவாவை விட்டுப் புறப்பட்டார். தூத்துக்குடியில் இருந்து கடல் கடந்து, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தபோது இருவரும் பட்டினியாலும் வயிற்றுக்கடுப்பாலும் சாகும் நிலையில் இருந்தார்கள். பிழைத்தெழுந்தபின் வாஸ் செய்த காரியம் துணிச்சலானது. கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். மறைந்திருந்த கத்தோலிக்கரை அப்படித்தான் கண்டுபிடித்தார்.

சாவைத் தேடாதவர்

சில்லாலையைத் தளமாக வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் இரவுகளில் நடமாடினார். 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் திடீர்ச் சோதனை நடத்தி, பூசைக்குக் கூடியிருந்த ஏறக்குறைய 200 பேரைப் பிடித்தார்கள். எட்டு ஆண்கள் கொடுமையாக அடிக்கப்பட்டார்கள். ஒருவர் அந்த அடியிலேயே இறந்தார். வாஸ் பிடிபடவில்லை. அவர் தப்பித்துச் சென்றார்.

பரலோகமே குறி என்று வாழ்ந்த ஒருவர் வேதசாட்சியாகச் சாகும் வாய்ப்பை ஏன் விட்டு ஓட வேண்டும்? முதல் தடவை அவருடைய வரலாற்றைப் படித்தபோது என் மனதில் எழுந்த கேள்வி இது. பின் நடந்தவற்றைப் பார்த்தால் பதில் கிடைக்கிறது. அந்தத் தீவில் அப்போது அவர் ஒருவரே குரு. அவர் செத்தால் அவருக்கு வேதசாட்சி முடி கிடைத்திருக்கும், மக்கள் மறுபடியும் குரு இல்லாமல் நின்றிருப்பார்கள். தன் மோட்சத்தை மட்டும் பார்த்திருந்தால் அவர் நின்றிருக்கலாம். மற்றவர்களுடைய மோட்சத்தையும் பார்த்ததால் ஓடினார்.

ஓடி வந்து சேர்ந்தது எங்கள் மாவட்டத்துக்குத்தான். 1690இல் அவர் புத்தளம் வந்தார். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிக் காவல் இருந்தார்கள். ஆனால் புத்தளம் கண்டி மன்னரின் ஆட்சிக்குள் இருந்தது. அங்கே பூசை வைத்தால் ஒல்லாந்தர் வந்து பிடிக்க முடியாது. வடக்கே மூடப்பட்ட கதவு இந்தக் கரையில் திறந்தது. இங்கே தங்கிப் பணி செய்த பிறகு, 1692இல் கண்டிக்குப் புறப்பட்டார்.

கண்டியில் போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் அவரைச் சிறை வைத்தார்கள். அந்தக் காலத்தை அவர் சிங்களம் கற்பதற்குப் பயன்படுத்தினார். தமிழை யாழ்ப்பாணத்திலேயே கற்றிருந்தார். 1693இல் வறட்சி வந்தபோது மன்னரின் வேண்டுகோளின்படி அவர் செபித்ததாகவும், பெருமழை பெய்ததாகவும் மரபு கூறுகிறது. அதன் பின் மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குச் சுதந்திரம் அளித்தார். பௌத்த மன்னர் ஒருவர், கிறிஸ்தவ ஒல்லாந்தர் விரட்டிய கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தார் என்பதை இன்றைய இலங்கையில் நாம் அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும்.

வைசூரி வந்த ஆண்டு

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. அரண்மனையினரும் வசதி உள்ளவர்களும் நகரை விட்டு வெளியேறினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டில் விட்டுச் சென்றார்கள். வாஸும், அவருடைய மருமகனும் சக குருவுமான யோசப் கார்வாலோவும் நகரிலேயே தங்கினார்கள். நோயாளிகளைத் தேடிப் போய் உணவும் மருந்தும் கொடுத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களைத் தாமே குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

உயிர் மேல் ஆசை இல்லாததால் இதைச் செய்தார் என்று சொல்வது எளிது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே மனிதர் உயிரைக் காத்துக்கொண்டு ஓடினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓடியதும் கண்டியில் ஓடாமல் இருந்ததும் ஒரே காரணத்தால். இரண்டு இடத்திலும் அவர் தன் உயிரைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த உயிர் யாருக்குத் தேவைப்படுகிறது என்பதையே கணக்கில் எடுத்தார். 1697இல் அவரோடு வேறு குருக்களும் இலங்கையில் இருந்தார்கள். அவர் இறந்தாலும் பணி நிற்காது. ஆகவே நோயாளிகளுக்கு நடுவே நிற்க அவருக்கு முழு விடுதலை இருந்தது.

தான் இல்லாத நாளுக்கான ஏற்பாடு

வாஸ் செய்த காரியங்களில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது வைசூரிப் பணியைவிட அவர் ஊர் ஊராகச் செய்த ஏற்பாடு. ஒரு குரு ஓர் ஊருக்கு ஆண்டில் ஓரிரு தடவைதான் போக முடியும். மற்ற நாட்களில் என்ன செய்வது? ஊருக்கு ஒரு மூப்பர், செபம் சொல்லிக் கொடுக்க ஓர் அண்ணாவி, கோயில் பொருட்களைக் காக்க ஒரு சங்கிலித்தாம் என்று பொதுமக்களின் பொறுப்பில் சபையை ஒப்படைத்தார்கள் அவரும் அவருடைய தோழர்களும். ஞாயிறு செபம் நடத்துவது, சாகக் கிடப்பவரின் அருகில் இருந்து செபிப்பது, அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் இவர்களின் வேலை. அண்ணாவி என்ற தமிழ்ச் சொல் சிங்களக் கத்தோலிக்கரின் வாயிலும் தங்கிவிட்டது.

செபிப்பதற்குப் புத்தகம் வேண்டும். 1705இல் கோவாவில் இருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகளை மொழி வேலையில் ஈடுபடுத்தினார் வாஸ். கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் ஊர்க் கோயில்களில் இழுத்துப் பாடி வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்தது. சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடையில் உள்ள போலவத்தையில் 1742 யூலை 17 அன்று அவர் இறந்தார். எங்கள் கரையின் தவக்காலக் குரல் அங்கிருந்தே வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

வாஸ் கோவாவுக்குத் திரும்பவே இல்லை. உயர் திருச்சபைப் பதவி தேடி வந்தபோதும் ஏற்க மறுத்தார். 24 ஆண்டுகள் இத்தீவில் நடந்து தேய்ந்த உடல் 1711 சனவரி 16 அன்று கண்டியில் ஓய்ந்தது. வயது 59. வாழும் காலத்தில் செய்யத் தவறியதைச் சாகும் நேரத்தில் எளிதாகச் செய்துவிட முடியாது என்பதே அவர் தம் சகோதரருக்கு விட்ட கடைசிப் புத்தி.

அவரைப் புதைத்த இடம் இன்று தெரியாது. அவருடைய கண்டிக் கோயிலும் இல்லை. 1740களில் கண்டி அரசின் ஆதரவும் மாறி, குருக்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கல்லாலும் மரத்தாலும் எழுந்தவை அழிந்தன. ஆனால் மூப்பரும் அண்ணாவியும் கையால் படியெடுத்த புத்தகங்களும் இருந்த ஊர்களில் செபம் நிற்கவில்லை. ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியபோது, மறைந்திருந்த சபை வெளியே வந்தது. ஏறக்குறைய 150 ஆண்டுகள் அது உயிரோடு இருந்தது, பெரும்பாலும் பெயர் தெரியாத சாதாரண ஆட்களின் கையில்.

விண்ணை நோக்கி வாழ்வது என்றால் என்ன என்பதை நான் இங்கேதான் புரிந்துகொள்கிறேன். தான் நிரந்தரம் இல்லை என்பதை உண்மையாகவே நம்புகிறவன், தான் இல்லாத நாளுக்காக மற்றவர்களைத் தயார் செய்வான். பெயர் பொறித்த கட்டடம் அவனுக்குத் தேவைப்படாது. தன் உயிரையும் பெயரையும் காப்பாற்ற வேண்டிய பாரம் இல்லாததால் அவனுடைய இரண்டு கைகளும் அடுத்தவருக்காக ஒழிந்திருக்கும். மண்ணை மறந்தவர் வைசூரிப் புண்ணைக் கழுவியிருக்க மாட்டார்.

1995 சனவரி 21இல் கொழும்பில் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை வாஸை அருளாளராகவும், 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலில் பிரான்சிஸ் திருத்தந்தை புனிதராகவும் உயர்த்தினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, அவருடைய பிறந்த நாளில் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு கோயில்களில் பொதுப் பூசை இல்லை. தொலைக்காட்சியில் கர்தினால் ஒப்புக்கொடுத்த பூசையை வீட்டுக்குள் முழங்காலில் இருந்து பார்த்தோம். ஒல்லாந்தர் காலத்துக்குப் பிறகு எங்கள் மக்கள் மறுபடியும் வீட்டுக்குள் செபித்த ஞாயிறு அது. வீட்டில் செபம் சொல்லத் தெரிந்த ஒருவர் இருந்த இடங்களில் அந்த நாட்கள் ஓரளவு தாங்கக்கூடியவையாக இருந்தன.

இன்று இந்தக் கரையில் இளையோர் இத்தாலிக்குப் போகிறார்கள். தமிழில் செபம் சொல்லும் வீடுகள் குறைந்து வருகின்றன. வியாகுலப் பிரசங்கத்தை அந்த இராகத்தோடு வாசிக்கத் தெரிந்தவர்கள் முதியவர்களாக இருக்கிறார்கள். கோயிலுக்குப் புது முகப்பும் பெரிய சுருவமும் கட்டப் பணம் சேர்க்கிறோம், அது தவறில்லை. ஆனால் அந்த முதியவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஒரு பிள்ளையை அனுப்புகிறோமா? பிள்ளையை இழந்து நீதி கேட்டு நிற்கும் தாயிடம் மோட்சத்தைக் காட்டி வாயை மூடச் சொல்கிறோமா, இல்லை அவளோடு போய் நிற்கிறோமா? சனவரி 16 திருநாளில் கொடி ஏற்றுவதோடு இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொண்டால், கல்லறை இல்லாத அந்தப் புனிதரை நாம் மறக்கவில்லை என்று சொல்லலாம்.