துப்பாக்கி ஏந்தாத வீரர்

சென்ற ஆண்டு நம் கல்லூரிப் பட்டிமன்றத்தில், போர்க்களத்தில் ஆயுதம் ஏந்த மறுப்பவன் கோழையே என்னும் அணியில் நின்று பேசினேன். கைதட்டலும் பெற்றேன். பின்னர் ஒரு நடிகரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. அன்று பெற்ற கைதட்டலை எண்ணி இன்று நாணுகிறேன்.

அவர் பெயர் லியூ அயர்ஸ். 1908ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். இளமையில் இசைக்குழுக்களில் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவி வாசித்துப் பிழைத்தவர், பின்பு திரையுலகில் நுழைந்தார். ரெமார்க்கின் புகழ்பெற்ற புதினத்தைத் தழுவி 1930இல் வெளிவந்த 'ஆல் குவையட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்' படத்தில், முதல் உலகப் போரில் மடியும் ஜெர்மானிய இளைஞனாக நடித்தார். அப்போது அவருக்கு வயது 21. போரின் கொடுமையை உலகுக்குக் காட்டிய அப்படம் ஆஸ்கர் விருது பெற்றது.

1938இல் எம்.ஜி.எம். நிறுவனம் 'யங் டாக்டர் கில்டேர்' படத்தை வெளியிட்டது. சிற்றூர் மருத்துவரின் மகன் பெருநகர மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வருகிறான். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே நோயின் வேரைக் கண்டறியும் முதியவர் கில்லெஸ்பி அவனுக்கு ஆசானாகிறார். நாவில் கடுமை, நெஞ்சில் கனிவு! அவ்வேடமேற்ற லயனல் பாரிமோரும் உண்மையிலேயே நடக்க இயலாதவர். கில்டேராக அயர்ஸ் 1942 வரை 9 படங்களில் நடித்தார். அவர் முகம் கண்டாலே மக்களுக்கு மருத்துவரின் நினைவு வந்தது.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு, அமெரிக்கா போரில் இறங்கியது. உயிரைக் கொல்ல மாட்டேன், மருத்துவப் பிரிவில் தொண்டு செய்கிறேன் என்றார் அயர்ஸ். அப்பிரிவிலேயே சேர்ப்பதாக உறுதியளிக்கப் படைத்துறை முன்வரவில்லை. ஆகவே, மனச்சான்றின் பெயரால் போரை மறுப்பவராகத் தம்மைப் பதிந்துகொண்டு, 1942இல் ஆரகன் மாநில முகாமொன்றுக்குச் சென்றார். நாடே கொதித்தது. திரையரங்குகள் பல அவர் படங்களைத் திரையிட மறுத்தன. பட நிறுவனம் கில்டேரைக் கைவிட்டு, கில்லெஸ்பியை நாயகராக்கி 1947 வரை மேலும் 6 படங்கள் எடுத்தது. புகழும் பொருளும் ஒரே நாளில் போயின. கோழை இவ்வளவு பெரிய விலையைக் கொடுப்பானா?

விரைவில் அவர் விரும்பியபடியே மருத்துவப் பிரிவில் இடம் கிடைத்தது. நியூ கினியிலும் பிலிப்பைன்ஸ் நாட்டின் லேய்ட்டே தீவிலும் குண்டுமழைக்கிடையே காயமுற்றோர்க்குத் தொண்டு செய்தார். தம் படைச் சம்பளத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழங்கினார். திரையில் போட்ட வேடம் களத்தில் மெய்யாயிற்று!

போர் முடிந்து திரும்பியவரை மக்கள் மீண்டும் ஏற்றனர். 1948இல் 'ஜானி பெலிண்டா' படத்தில், காது கேளாத, வாய் பேசாத பெண்ணுக்குக் கைம்மொழி கற்பிக்கும் மருத்துவராக நடித்து, ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1996 டிசம்பர் 30இல், 88ஆம் வயதில் மறைந்தார்.

நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்துவோரை நான் வணங்குகிறேன். ஆயினும், குண்டு பாயும் இடத்தில் வெறுங்கையோடு மண்டியிட்டு, வீழ்ந்தவனின் காயத்தைக் கட்டியவரும் வீரரே அல்லரோ? மாணவ நண்பர்களே, அதே தலைப்பில் மீண்டும் பட்டிமன்றம் நடந்தால், எதிரணியில் எனக்கோர் இடம் ஒதுக்கி வையுங்கள்.