ஆபிரகாம் லூயி பிரெகே

ஆபிரகாம் லூயி பிரெகே (சனவரி 10, 1747 – செப்டம்பர் 17, 1823) இன்றைய சுவிட்சர்லாந்தின் நியூசாட்டல் நகரில் பிறந்து, பாரிசில் தொழில் புரிந்த புகழ்பெற்ற கடிகார வல்லுநர் ஆவார். டூர்பியோன் எனப்படும் சுழற்கூண்டு அமைப்பைக் கண்டுபிடித்தவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். உயர்விலைப் பொறிமுறைக் கடிகாரங்களின் முகப்பில் காணப்படும் ஆற்றல் இருப்புக் காட்டியைச் சட்டைப்பைக் கடிகாரங்களில் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவரும் இவரே.

இளமை

பிரெகே பிறந்த காலத்தில் நியூசாட்டல் பிரசிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இவருடைய 11 ஆம் வயதில் தந்தை இறந்தார். தாய் மறுமணம் செய்துகொண்டவர் கடிகாரத் தொழிற் குடும்பத்தைச் சேர்ந்தவர். அத்தொடர்பினால் 1762-இல் வெர்சாய் நகருக்குத் தொழில் பயிலச் சென்ற பிரெகே, பாரிசின் மசாரின் கல்லூரியில் கணிதமும் கற்றார். 1775-இல் திருமணம் செய்துகொண்டு, சேன் ஆற்றின் நடுவேயுள்ள சிட்டே தீவில், கடிகாரத் துறை என்று பெயர் பெற்ற கரையோரத் தெருவில் தம் பட்டறையை நிறுவினார்.

தானே சாவி ஏறும் கடிகாரம்

அக்காலக் கடிகாரங்களுக்கு நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். அணிந்திருப்பவர் நடக்கும் அசைவினாலேயே சுருள்வில் இறுகும் கடிகாரத்தை லெ லோக்கிள் ஊரைச் சேர்ந்த ஆபிரகாம் லூயி பெரலே 1770-களில் செய்திருந்தார். பிரெகே 1780 முதல் தம்முடைய வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதற்குப் பெர்பெச்சுவெல் என்று பெயர். பிளாட்டினத்தால் ஆன எடை ஒன்று நடையின் அசைவில் மேலும் கீழும் ஆடி, இரு உருளைகளில் உள்ள சுருள்வில்களை இறுக்கும். அவை முழுதும் இறுகியதும் எடை தானாகவே பூட்டிக்கொள்ளும். முழு இறுக்கத்தில் கடிகாரம் ஏறக்குறைய 60 மணி நேரம் ஓடும்.

இங்கே புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. தம் கையால் சாவி கொடுப்பவருக்குக் கடிகாரம் எவ்வளவு இறுகியுள்ளது என்பது தெரியும். தானே இறுகும் கடிகாரத்தை வைத்திருப்பவருக்கோ அது தெரியாது. நாள் முழுவதும் அமர்ந்திருந்தவர் மறுநாள் நின்றுபோன கடிகாரத்தைக் காண நேரிடலாம். ஆகவே முகப்பில் சிறு முள் ஒன்றை வைத்து, இன்னும் எத்தனை மணி நேரத்திற்கு ஆற்றல் எஞ்சியுள்ளது என்பதைக் காட்டச் செய்தார்.

இவ்வகைக் காட்டியின் அடிப்படை எளியது. சாவி ஏறும்போது முள்ளை ஒரு திசையிலும், கடிகாரம் ஓடும்போது எதிர்த்திசையிலும் பல்சக்கரங்கள் நகர்த்துகின்றன. ஏறிய அளவுக்கும் செலவான அளவுக்கும் உள்ள வேறுபாடே முள்ளின் நிலையாகும். நின்றுபோவதை முன்னறிவது மட்டும் இதன் பயனன்று. சுருள்வில் தளரத் தளர அதன் விசை குறைந்து, துலாச்சக்கரத்தின் வீச்சும் சுருங்குவதால், கடைசி மணிகளில் நேரம் பிழைபடக்கூடும். கடற்பயணத்தில் நெடுங்கோட்டைக் கணிக்க உதவிய கடற்கடிகாரங்களிலும் இத்தகைய முள் இடம்பெற்றது இதனாலேயே.

புரட்சியும் அரசியின் கடிகாரமும்

1783-இல் பிரெகேயின் பட்டறைக்கு அரசி மாரீ அந்துவானெத்துக்காக ஒரு கடிகாரம் செய்யும் பணி வந்தது. அறியப்பட்ட நுட்பங்கள் அனைத்தும் அதில் இருக்க வேண்டும். விலைக்கும் காலத்திற்கும் வரம்பில்லை. தானே சாவி ஏறுதல், இருப்புக் காட்டி, நிலை நாட்காட்டி, நிமிடம் வரை மணியடித்தல், வெப்பமானி ஆகியவை அதில் அமைக்கப்பட்டன. அரசி 1793-இல் கொல்லப்பட்டார். 160 என்ற எண் கொண்ட அக்கடிகாரம், பிரெகேயும் இறந்தபின் 1827-இல்தான் முடிவுற்றது. எருசலேமில் உள்ள அருங்காட்சியகத்திலிருந்து 1983-இல் திருடப்பட்ட அது மீட்கப்பட்ட செய்தி 2007-இல் வெளியானது.

பிரெகேக்கும் புரட்சி உயிராபத்தாகவே இருந்தது. அரண்மனைத் தொடர்பு அன்று கொலைக்களத்துக்கு இட்டுச்செல்லப் போதுமானது. நியூசாட்டல் பகுதியில் பிறந்தவரும் புரட்சித் தலைவருமான மாரா இவருடைய நண்பர். அவர் உதவியால் கிடைத்த பயண அனுமதியுடன் 1793-இல் பிரெகே சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். மாராவோ அதே ஆண்டு சூலையில் கொல்லப்பட்டார்.

1795-இல் திரும்பியபோது பட்டறை சிதைந்திருந்தது. பழைய வாடிக்கையாளர் பலர் இறந்தோ நாட்டை விட்டு ஓடியோ இருந்தனர். பிரெகே 1797-இல் சந்தாக் கடிகாரத்தை அறிமுகப்படுத்தினார். ஒரே முள் கொண்ட எளிய கடிகாரம் அது. விலையில் கால் பங்கை முன்பணமாகச் செலுத்த வேண்டும். அரசிக்குக் கடிகாரம் செய்தவர் இத்தகைய எளிமைக்கு இறங்கி வந்து வென்றதே இவர் வாழ்வில் மிகவும் வியக்கத்தக்க பகுதி எனலாம்.

பிற்காலம்

டூர்பியோனுக்கு 1801-இல் காப்புரிமை பெற்றார். நேப்பிள்சு அரசி கரோலின் மூராவுக்காக 1810-இல் தொடங்கிய கடிகாரம், மணிக்கட்டில் அணியச் செய்யப்பட்ட தொடக்ககாலக் கடிகாரங்களுள் ஒன்றாகும். 1815-இல் அரச கடற்படையின் கடிகார வல்லுநராகவும், அடுத்த ஆண்டு அறிவியல் கழக உறுப்பினராகவும் ஆனார். பாரிசின் பெர் லாசேசு கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

மகன் அந்துவான் லூயி தொழிலைத் தொடர்ந்தார். 1870-இல் குடும்பத்தை விட்டுக் கைமாறிய நிறுவனம், 1999-இல் சுவாட்ச் குழுமத்தின் வசமானது. 1794-இல் விற்கப்பட்ட 5 ஆம் எண் பெர்பெச்சுவெல் கடிகாரத்தின் முகப்பையொட்டி, இருப்புக் காட்டியுடன் கூடிய கைக்கடிகாரங்களை அந்நிறுவனம் வெளியிட்டுள்ளது.