28 டாலரில் காட்டுக்குள் ஒரு வீடு: தோரோ எழுதி வைத்த செலவுக் கணக்கு



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். ஊருக்குள் இருக்கும் இரைச்சலை விட்டு, தோட்டத்திலேயே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் கேட்டதும் அந்த எண்ணம் அங்கேயே நின்றிருக்கும். சிலர் துணிந்து கடன் வாங்கிக் கட்டிவிட்டு, வெள்ளாமைப் பணத்தை வட்டிக்கே கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒருவர் இதே ஆசையோடு கிளம்பினார். கையில் பெரிய பணம் இல்லை. கடனும் வாங்கவில்லை. ஏரிக்கரைக் காட்டில் தன் கையாலேயே வீடு கட்டி, பக்கத்தில் பயிரும் வைத்து, இரண்டு வருடம் இரண்டு மாதம் குடியிருந்தார். ஆணி முதல் தாழ்ப்பாள் வரை என்ன செலவானது என்று சென்ட் கணக்கில் எழுதியும் வைத்தார். அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. அவருடைய வாழ்க்கையையும் அந்தக் கணக்கையும் இன்று பார்ப்போம். இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, அப்படியே நம்பிவிடக் கூடாததும் உண்டு.

பென்சில் செய்பவர் வீட்டுப் பிள்ளை

தோரோ 1817 ஜூலை 12-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பென்சில் செய்து விற்றவர். அம்மா வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டுச் சம்பாதித்தார். வசதியான குடும்பம் என்று சொல்ல முடியாது. அப்படி இருந்தும் மகனை ஹார்வர்டு கல்லூரியில் படிக்க வைத்தார்கள். 1837-ல் படிப்பு முடிந்தது. பிறகு அண்ணன் ஜானுடன் சேர்ந்து ஊரில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்.

1842 ஜனவரியில் அண்ணன் சவரம் செய்யும்போது விரலில் ஏற்பட்ட சிறு வெட்டு, ரணஜன்னியாக முற்றி உயிரை வாங்கிவிட்டது. இருவரும் 1839-ல் படகில் ஒன்றாக ஆற்றுப் பயணம் போனவர்கள். அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுத வேண்டும், அதற்கு யாரும் தொந்தரவு செய்யாத ஓர் இடம் வேண்டும் என்பது தோரோவின் மனதில் இருந்தது. காட்டுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் ஒரு பண்ணையை வாங்கப் பார்த்திருக்கிறார். ஊரிலிருந்து இரண்டு மைல். பக்கத்து வீடு அரை மைலுக்கு அப்பால். ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே அகலமான வயல். விலை பேசி முடித்து, விதை பொறுக்கவும், தள்ளுவண்டிக்குச் சாமான் சேர்க்கவும் ஆரம்பித்துவிட்டார். கடைசி நேரத்தில் விற்பவரின் மனைவி மனம் மாறிவிட்டார். விற்பவர் நஷ்ட ஈடாகப் பத்து டாலர் தருகிறேன் என்றார். தோரோ அதை வாங்கிக்கொள்ளவில்லை. அன்று அவர் கையில் இருந்தது பத்தே சென்ட்!

ஊரார் பண்ணைகள் யாருடையவை?

அந்தக் காலத்தில் கான்கார்ட் பக்கம் ஒரு சாதாரண வீடு கட்ட 800 டாலர் ஆனது. ஒரு ஆளின் தினக்கூலியை ஒரு டாலர் என்று தோரோ கணக்கிட்டார். சாப்பாடு, துணிமணி போக மிச்சம் பிடித்து அந்த 800 டாலரைச் சேர்க்க 10 முதல் 15 வருடம் ஆகும் என்றார். குடும்பஸ்தராக இருந்தால் இன்னும் அதிகம்.

விவசாயிகளின் நிலைமையையும் அவர் விசாரித்தார். ஊரில் நிலவரி மதிப்பிடும் ஆட்களிடம் போய், கடன் இல்லாமல் சொந்தமாகப் பண்ணை வைத்திருப்பவர்கள் யார் யார் என்று கேட்டார். உடனடியாக ஒரு டஜன் பேரைக்கூட அவர்களால் சொல்ல முடியவில்லை. பண்ணைகள் பெரும்பாலும் அடமானத்தில் இருந்தன. அதனால் கடன் இல்லாமல் கட்ட முடிகிற அளவுக்குத்தான் வீடு என்று தோரோ முடிவு செய்தார். வீட்டின் அளவை அவருடைய கைக்காசுதான் தீர்மானித்தது.

வீடு எழும்பிய விதம்

வால்டன் ஏரி கான்கார்ட் ஊரிலிருந்து சுமார் ஒன்றரை மைல் தூரத்தில் இருக்கிறது. அதன் கரையில் தோரோவின் நண்பரும் எழுத்தாளருமான எமர்சன் 1844-ல் நிலம் வாங்கியிருந்தார். அங்கே குடியிருக்க அவர் தோரோவுக்கு அனுமதி கொடுத்தார். வாடகை கிடையாது.

1845 மார்ச் கடைசியில் தோரோ ஒரு கோடாரியை இரவல் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். (வாங்கியபோது இருந்ததைவிடக் கூர்மையாகத் தீட்டித் திருப்பிக் கொடுத்ததாக அவரே சொல்கிறார்.) இளம் பைன் மரங்களை வெட்டி, முக்கிய உத்தரங்களை ஆறு அங்குலச் சதுரமாகச் செதுக்கினார். கைமரங்களையும் தரைக் கட்டைகளையும் ஒரு பக்கம் மட்டும் செதுக்கி, மறுபக்கம் பட்டையோடு விட்டுவிட்டார். வேலையும் குறைந்தது, மரத்தின் பலமும் குறையவில்லை.

பலகைக்கு அவர் மரக்கடைக்குப் போகவில்லை. அந்தப் பக்கம் ரயில் பாதை வேலைக்கு வந்திருந்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு விலைக்கு வாங்கி, பிரித்து எடுத்தார். பலகைகளைச் சிறு வண்டியில் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் புல்லில் பரப்பி வெயிலில் போட்டார். வளைந்த பலகைகள் நேராயின. அவர் வண்டியோடு போய் வந்த நேரத்தில், பக்கத்தில் நின்ற ஒருவர் நல்ல ஆணிகளை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்தக் கதை நமக்கும் தெரிந்ததுதானே!

தெற்குப் பார்த்த சரிவில், நல்ல மணல் வரும் வரை தோண்டி, ஆறடிச் சதுரம் ஏழடி ஆழத்தில் ஒரு நிலவறை அமைத்தார். எவ்வளவு கடும் பனியிலும் உருளைக்கிழங்கு உறைந்து கெடாமல் இருக்க இந்த ஏற்பாடு. மே மாதத் தொடக்கத்தில் நண்பர்கள் கை கொடுக்க, வீட்டின் சட்டம் நின்றது. ஜூலை 4-ல் குடிபோனார். அப்போது புகைபோக்கியும் இல்லை, சுவர்ப் பூச்சும் இல்லை. இலையுதிர் காலத்தில் புகைபோக்கி கட்டி, குளிர் இறங்கும்போது பூச்சு வேலையை முடித்தார். முதலில் குடியேறி, பிறகு காசும் நேரமும் கிடைக்கும்போது மீதி வேலை என்பது அவர் வழி.

வீட்டின் அளவு 10 அடிக்கு 15 அடி. அதாவது 150 சதுர அடி. நம் ஊரில் மோட்டார் கொட்டகை அளவுதான். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, எழுத ஒரு சாய்மேசை, மூன்று நாற்காலி.

செலவு விவரம்

பலகை (பெரும்பகுதி குடிசைப் பலகை): 8 டாலர் 3½ சென்ட்
கூரைக்கும் பக்கங்களுக்கும் கழித்துப்போட்ட மர ஓடு: 4 டாலர்
பூச்சு பிடிக்க மெல்லிய ரீப்பர்: 1 டாலர் 25 சென்ட்
கண்ணாடியோடு பழைய ஜன்னல் 2: 2 டாலர் 43 சென்ட்
பழைய செங்கல் 1,000: 4 டாலர்
சுண்ணாம்பு 2 பீப்பாய்: 2 டாலர் 40 சென்ட்
சாந்தில் கலக்க முடி: 31 சென்ட்
கணப்பு வாய்க்கு மேல் வைக்கும் இரும்பு: 15 சென்ட்
ஆணி: 3 டாலர் 90 சென்ட்
கீல், திருகாணி: 14 சென்ட்
தாழ்ப்பாள்: 10 சென்ட்
சுண்ணக்கட்டி: 1 சென்ட்
வண்டிக்கூலி: 1 டாலர் 40 சென்ட்

மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். அவருடைய கணக்குப்படி ஒரு ஆளின் 28 நாள் கூலி. அவர் படித்த கல்லூரியில் ஒரு மாணவர் அறைக்குக் கொடுத்த வருட வாடகையே 30 டாலர். சுண்ணாம்புக்கு விலை அதிகம் கொடுத்துவிட்டேன், முடி தேவைக்கு மேல் வாங்கிவிட்டேன் என்று தன் தவறுகளையும் அவர் கணக்கிலேயே குறித்து வைத்தார்.

வருமானம் எப்படி?

முதல் வருடம் இரண்டரை ஏக்கர் மணல் பாங்கான நிலத்தில் பெரும்பாலும் பீன்ஸ் போட்டார். கொஞ்சம் உருளை, சோளம், பட்டாணி, டர்னிப் கிழங்கும் வைத்தார். உழவுக்கு ஆளும் மாடும் பிடித்ததில் 7 டாலர் 50 சென்ட் போய்விட்டது. வளை தோண்டி வாழும் உட்சக் என்ற விலங்கு கால் ஏக்கர் பயிரைத் தின்றுவிட்டது. எல்லாம் சேர்த்து விவசாயச் செலவு 14 டாலர் 72½ சென்ட். வரவு 23 டாலர் 44 சென்ட். நிகர லாபம் 8 டாலர் 71½ சென்ட். அவர் சொந்த உழைப்புக்குக் கூலி போடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த வருடம் அவர் பயிர்ப் பரப்பைக் குறைத்தார். தனக்குத் தேவையான மூன்றில் ஒரு பங்கு ஏக்கரை மட்டும் மண்வெட்டியால் தானே கொத்திப் பயிர் வைத்தார். உழவுக்கூலி மிச்சமானது. முந்தின வருடத்தைவிட இதுவே நன்றாக இருந்தது என்று எழுதினார். நிலத்தில் தோண்டி எடுத்த பழைய வேர்க்கட்டைகள் அடுப்புக்கு விறகாயின.

வீடு, விவசாயம், எட்டு மாதச் சாப்பாடு, துணி, விளக்கெண்ணெய் எல்லாம் சேர்ந்து சுமார் 62 டாலர் செலவு. விளைச்சலிலும் கூலி வேலையிலும் வந்தது சுமார் 37 டாலர். மீதி 25 டாலர் அவர் கையோடு கொண்டுவந்த சேமிப்பு.

கணக்கில் வராதவை

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். அந்த 28 டாலரில் நிலத்தின் விலை இல்லை. அந்த நிலம் ஏக்கர் 8 டாலர் 8 சென்ட் வீதம் 11 ஏக்கர் விற்கப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 89 டாலர். வீட்டைப் போல மூன்று மடங்கு! மரம், கல், மணல் எல்லாம் அந்த இடத்திலேயே சும்மா கிடைத்தவை. குழந்தை குட்டி இல்லை. அம்மா வீடு நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. அங்கே போய்ச் சாப்பிட்டதும் உண்டு.

தனிமை என்பதும் முழுத் தனிமை இல்லை. பக்கத்து வீடு ஒரு மைலுக்கு அப்பால் இருந்தாலும், ரயில் பாதை அரைக் கிலோமீட்டரில் ஓடியது. குளிர்காலத்தில் நூறு ஆட்கள் வந்து ஏரியில் பனிக்கட்டி வெட்டினார்கள். அந்தப் பக்கத்து ஏரிகளின் பனிக்கட்டி கப்பலில் நம் மதராஸ் வரை வந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் அதைச் சேமிக்கக் கட்டியதுதான்.

1846 ஜூலையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்ததை வாங்க ஊருக்குள் போனபோது, தலைவரி கட்டாததற்காக அவரைப் பிடித்து ஒரு இரவு சிறையில் வைத்தார்கள். அடிமை முறையை ஆதரிக்கும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்பது அவர் வாதம். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பின்னாளில் காந்தியடிகள் படித்துப் போற்றினார்.

பிறகு என்ன ஆனது?

1847 செப்டம்பர் 6-ல் தோரோ அந்த வீட்டை விட்டு வந்தார். அண்ணனோடு போன பயணத்தைப் பற்றிய புத்தகம் 1849-ல் அவர் பொறுப்பிலேயே அச்சானது. 1,000 பிரதியில் 706 விற்காமல் அவரிடமே திரும்பி வந்தன. வீட்டுக்குக் கடன் வாங்காதவர் புத்தகத்தால் கடனாளி ஆனார். விவசாயிகளின் நிலங்களை அளந்து கொடுத்தும் பென்சில் தொழில் பார்த்தும் அதை அடைத்தார். ஏரிக்கரை வாழ்க்கையைச் சொல்லும் வால்டன் என்ற புத்தகம் 1854-ல் வந்தது. 1860-ல் அந்த வட்டார விவசாயச் சங்கத்தின் கால்நடைக் கண்காட்சியில், காற்றும் அணில்களும் விதையைக் கொண்டுபோய்க் காட்டை எப்படி மறுபடி உண்டாக்குகின்றன என்று பேசினார். 1862 மே 6-ல் காசநோயால் 44 வயதில் இறந்தார். அவர் கட்டிய வீடு வேறு பண்ணைக்கு இழுத்துச் செல்லப்பட்டு, தானியம் வைக்கும் இடமாகி, கடைசியில் பிரிக்கப்பட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது

தோரோவுக்கு இல்லாத ஒன்று உங்களில் பலரிடம் இருக்கிறது. அதுதான் சொந்த நிலம். அவர் கணக்கில் மிகப் பெரிய செலவாக வந்திருக்க வேண்டியது உங்களுக்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. எனவே அந்த நிலத்தை அடமானம் வைத்துத் தோட்டத்து வீடு கட்டுவதற்கு முன் பலமுறை யோசியுங்கள்.

கையில் இருக்கும் காசை முதலில் எண்ணி, அதற்குள் அடங்கும் அளவை முடிவு செய்யுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டு இடமாகப் பாருங்கள். பிரித்த வீட்டுக் கதவு, ஜன்னல், கைமரம், செங்கல் எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். உறுதியான பழைய சாமான் பாதி விலைக்குக் கிடைத்தாலும் லாபம்தான். கூரையும் சுவரும் முதலில், பூச்சும் மற்றதும் அடுத்த வெள்ளாமைக்குப் பிறகு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டு வாங்கி, ஆணி வாங்கிய காசைக்கூட அன்றன்றே எழுதுங்கள். உங்கள் உழைப்பையும் குடும்பத்தார் உழைப்பையும் கூலி போட்டு எழுத மறக்காதீர்கள். தோரோ விட்டுவிட்ட இடம் அது.